வேதியியல் மாணவருக்கு நிரலாக்கம்: குறியீட்டு மொழியும் கற்பித்தல் வரலாறும்

1. முன்னுரை

வேதியியல் பயிலும் மாணவருக்குக் கணிப்பொறி நிரலாக்கத்தைக் கற்பிக்கும் முயற்சி 1960களில் தொடங்கியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால இவ்வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. துளையட்டை, முனையம், நுண்கணிப்பொறி, இணையம் என எந்திரங்கள் மாறிய வரிசையில் பாடமும் மாறியது என்பது அதன் சாரம். இக்கட்டுரை அதே வரலாற்றை மொழி வரலாறாக நோக்க முற்படுகிறது.

நிரல்மொழி ஒரு மொழி. வேதியியலாரின் குறியீடுகளும் பெயரீடும் சேர்ந்ததும் ஒரு மொழியே. முன்னதைவிடப் பின்னது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மூத்தது. ஆகவே வேதியியல் மாணவர் நிரலாக்க வகுப்பில் நுழையும்போது வெற்றுக் கையுடன் நுழைவதில்லை. ஒரு மொழியோடு நுழைகிறார். அம்மொழிக்கு நிரல்மொழி இடமளித்ததா, இல்லையா என்பதே பாடத்தின் போக்கைத் தீர்மானித்தது. நிரல்மொழியால் எழுத இயன்றது பாடமாயிற்று. எழுத இயலாதது பாடத்திற்குப் புறத்தே நின்றது. இக்கருத்தை நிறுவுவதும், தமிழ்வழி மாணவர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதனால் விளையும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. வேதியியலின் எழுத்துமொழி

2.1 பெயரீடு

1787-இல் பாரிசில் கித்தோன் த மொர்வோ, லவாசியே, பெர்தொலே, ஃபூர்குருவா ஆகிய நால்வரும் இணைந்து வேதியியற் பெயரீட்டு முறை ஒன்றை வெளியிட்டனர். பொருளின் நிறம், கிடைத்த இடம், கண்டறிந்தவர் பெயர் ஆகியவற்றால் பெயரிடும் வழக்கத்தை விடுத்து, ஒரு பொருள் எவற்றால் ஆனதோ அவற்றைக் கொண்டே அதற்குப் பெயரிட வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. லவாசியே 1789-இல் வெளியிட்ட வேதியியல் நூலின் முன்னுரையில், மொழியைச் செம்மைப்படுத்தாமல் அறிவியலைச் செம்மைப்படுத்த இயலாது என்னும் கருத்தை மெய்யியலாளர் கொந்தியாக்கைத் துணைகொண்டு வலியுறுத்தினார். நவீன வேதியியல் பிறந்தபோதே மொழி பற்றிய தெளிந்த கொள்கையோடு பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

1892-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு கரிமச் சேர்மங்களின் பெயர்களுக்கு விதிகள் வகுத்தது. 1919-இல் தோன்றிய பன்னாட்டுத் தூய, பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் அவ்விதிகளைத் தொடர்ந்து விரிவாக்கி வருகிறது. இவ்விதிகளில் பகுதி, விகுதி, சந்தி ஆகிய அனைத்தும் உண்டு. ஹைட்ரோகார்பன் பெயரின் ஆங்கில வடிவில் இறுதியில் நிற்கும் 'ஈ' எழுத்து, உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் கெடும். மெய்யெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் நிற்கும். தமிழில் வருமொழி முதலில் உயிர் வரும்போது குற்றியலுகரம் கெடுவதை அறிந்தோர்க்கு இவ்விதி புதிதன்று.

2.2 குறியீடு

1813, 1814 ஆகிய ஆண்டுகளில் சுவீடன் நாட்டு பெர்சீலியசு, தனிமங்களுக்கு இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் குறியீடாக்கினார். ஓரெழுத்து அல்லது ஈரெழுத்துக் குறியீடு, அதனுடன் எண்ணிக்கையைக் காட்டும் சிற்றிலக்கம் என்னும் அமைப்பு அவரிடமிருந்து வளர்ந்தது. ஈரெழுத்துக் குறியீட்டில் முதலெழுத்து பெரிய வடிவிலும் அடுத்தது சிறிய வடிவிலும் எழுதப்படும். இவ்வேறுபாடு வெறும் அழகுக்கானதன்று. 'சி', 'ஓ' என்னும் இரண்டு எழுத்துகளையும் பெரிய வடிவில் எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு. இரண்டாவதைச் சிறிய வடிவில் எழுதினால் அது கோபால்ட். முன்னது நச்சு வளிமம், பின்னது உலோகம்.

வினைச் சமன்பாடும் இம்மொழியின் தொடரமைப்பே. தொடக்கத்தில் இரு பக்கங்களுக்கும் இடையே கணிதத்தின் சமக்குறியே நின்றது. 1884-இல் வான்ட் ஹாஃப் சமநிலை வினைகளுக்கு எதிரெதிர்த் திசைகளில் அமைந்த இரட்டை அம்புக்குறியைப் பயன்படுத்தினார். ஒற்றைச் சமக்குறி ஒன்றே பொருண்மைச் சமன், வினையின் திசை, இரட்டைப் பிணைப்பு ஆகிய பல பொருள்களைச் சுமந்த நிலை இவ்வாறு படிப்படியாகப் பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் மாணவர் கற்றது இவ்வாறு பண்பட்டு வந்த மொழியையே.

3. ஃபார்ட்ரான் வகுப்பறை

3.1 'வாய்பாடு' என்னும் சொல்

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கசு தலைமையிலான குழு உருவாக்கிய ஃபார்ட்ரான் மொழி 1957-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வாய்பாட்டை மொழிபெயர்த்தல் என்னும் பொருள் தரும் இரு ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அதன் பெயர். ஆனால் அங்கே வாய்பாடு எனப்பட்டது கணித வாய்பாடு; வேதியியலாரின் மூலக்கூறு வாய்பாடு அன்று. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. அடுத்த இருபதாண்டுப் பாடத்தின் எல்லை இப்பெயரிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

வேதியியலார்க்கென்று எழுந்த நிரலாக்கப் பாடநூல்கள் விரைவில் தோன்றின. கென்னத் வைபெர்க் எழுதிய 'வேதியியலார்க்குக் கணிப்பொறி நிரலாக்கம்' 1965-இல் வெளிவந்தது. டிக்சன் எழுதிய நூல் 1968-இலும், ஐசன்அவர், ஜர்சு ஆகியோர் இணைந்து எழுதிய நூல் 1972-இலும் வெளிவந்தன. இக்காலப் பாடங்களில் நிலைபெற்ற பயிற்சிகள் சில. சோதனைப் புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்துதல், தரம்பார்த்தல் வளைகோட்டைக் கணித்தல், வினைவேக மாறிலி காணுதல், ஹூக்கல் முறையில் ஆற்றல் மட்டங்களைப் பெறுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை அனைத்தும் எண்ணில் தொடங்கி எண்ணில் முடிபவை.

3.2 முதலெழுத்தால் அமையும் வகை

ஃபார்ட்ரானில் மாறியின் வகையைத் தனியே அறிவிக்காவிடில், அதன் பெயரின் முதலெழுத்தே வகையைத் தீர்மானிக்கும். ஆங்கில நெடுங்கணக்கில் 'ஐ' முதல் 'என்' வரையுள்ள ஆறு எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும். பிற எழுத்துகளில் தொடங்குவது பின்னப் பகுதியுடைய எண்ணைக் குறிக்கும். சொல்லின் வடிவே அதன் பாலைத் தீர்மானிக்கும் மொழிகளோடு இதனை ஒப்பிடலாம்.

கணிதத்தில் வரிசை எண்களைக் குறிக்க இவ்வெழுத்துகள் வழங்குவதால் கணிதம் பயின்றோர்க்கு இவ்விதி இயல்பாகவே பட்டது. வேதியியலாரின் வழக்கு வேறு. அவர்க்கு 'கே' சமநிலை மாறிலி; 'என்' மோல்களின் எண்ணிக்கை; 'எம்' நிறை. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.000018. அதனை மாணவர் தம் துறை வழக்கின்படி 'கே' என்னும் மாறியில் இட்டால், பின்னப் பகுதி வெட்டுண்டு மதிப்பு 0 ஆகிவிடும். கால் மோலும் அவ்வாறே 0 ஆகும். எந்திரம் பிழை எதனையும் அறிவிக்காது. இதனைத் தவிர்க்கக் குறியீட்டின் முன்னே வேறோர் எழுத்தை ஒட்டி எழுதும் உத்தி கையாளப்பட்டது. மாணவர் தம் துறைமொழியை நிரல்மொழியின் ஒலிப்புக்கேற்பத் திரித்து எழுதக் கற்றனர் என்பதே இதன் பொருள்.

3.3 உருவொத்துப் பொருள் வேறுபடுபவை

மொழிபெயர்ப்பாளர் அஞ்சுவன இரு மொழிகளில் உருவொத்துப் பொருள் வேறுபடும் சொற்கள். நிரலாக்க வகுப்பிலும் அவை இருந்தன, இன்றும் இருக்கின்றன. வேதியியல் வகுப்பில் 'லாக்' என்றால் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்றே மாணவர் கொள்வர். பேசிக் மொழியிலும் இன்றைய பைத்தான் மொழியிலும் அதே பெயருடைய செயற்கூறு இயல் மடக்கையைத் தருகிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 0.001 மோல் உள்ள கரைசலின் பி.எச். மதிப்பு 3. செயற்கூற்றின் பெயரை நம்பி எழுதிய நிரல் தரும் விடையோ 6.9. தெளிவான அமிலக் கரைசல் ஒன்று ஏறக்குறைய நடுநிலைக் கரைசலாகக் காட்சியளிக்கும். தொடரமைப்பில் பிழையில்லை, பொருளில்தான் பிழை. வேதியியலறிவு உடையவரே அதனைக் காண இயலும்.

சமக்குறியின் நிலையும் இத்தகையதே. அ = அ + 1 என்னும் கூற்று கணிதத்தில் பொய்; ஃபார்ட்ரானிலும் பேசிக்கிலும் ஒரு கட்டளை. வலப்புற மதிப்பை இடப்புற மாறியில் இருத்துக என்பது அதன் பொருள். அல்கால் மொழியை வகுத்தோர் மதிப்பிருத்தலுக்குச் சமக்குறியின் முன் முக்காற்புள்ளி இட்டு அதனை வேறுபடுத்தினர். வேதியியலில் ஒரு குறி ஆற்றிய பல பணிகள் காலப்போக்கில் பிரிந்ததை 2.2-இல் கண்டோம். அப்பிரிவைக் கற்றுத் தேர்ந்த மாணவர், நிரலாக்க வகுப்பில் மீண்டும் ஒரு பழைய குறிக்குப் புதிய பொருளைக் கற்க வேண்டியதாயிற்று.

3.4 எழுதப்படாத பாதி

துளையட்டையின் 80 நிரைகளில் கூற்றுக்கு உரியவை ஏழாம் நிரை முதல் எழுபத்திரண்டாம் நிரை வரை. அட்டைத் துளையிடு பொறியில் பெரிய வடிவ எழுத்துகளே இருந்தன. கோபால்டும் கார்பன் மோனாக்சைடும் அங்கே ஒன்றாயின. சிற்றிலக்கத்தை வரிக்குக் கீழே எழுத வழியில்லை; பிணைப்புக் கோடுகளை வரைய வழியில்லை.

இதனினும் ஆழமான தடை மொழியமைப்பிலேயே இருந்தது. 1966-இல் தரப்படுத்தப்பட்ட ஃபார்ட்ரானில் எழுத்துச் சரத்துக்கென்று தனி வகை இல்லை. எழுத்துகளை எண்களுக்குரிய நினைவிடங்களில் பொதிந்து வைக்கும் சுற்றுவழியே இருந்தது. அதுவும் எந்திரத்துக்கு எந்திரம் மாறுபட்டது. 1978-இல் ஏற்கப்பட்ட ஃபார்ட்ரான் 77 தரத்திலேதான் எழுத்து வகை இடம்பெற்றது. எனவே மாணவரால் அழுத்தத்தையும் செறிவையும் எழுத முடிந்தது. மூலக்கூற்றை எழுதுவது எளிதாக இல்லை. எத்தனை மோல் என்பதற்கு மொழி இருந்தது; எந்தப் பொருள் என்பதற்கு இல்லை. நிரலாக்கம் என்பது வேதியியலுக்குப் புறம்பான கணக்குப் பாடம் என்னும் எண்ணம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

4. மொழியியல் காட்டிய வழி

வகுப்பறை எண்களோடு நின்ற அதே காலத்தில் மற்றொரு வழி திறக்கப்பட்டது. அதனைத் திறந்தது மொழியியல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற யூஜின் கார்ஃபீல்டு (1925–2017), 1961-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். வேதியியற் பெயர்களை மூலக்கூறு வாய்பாடுகளாக மொழிபெயர்க்கும் நெறிமுறை என்பதே அவரது ஆய்வேட்டின் பொருள். செல்லிக் ஹாரிசின் அமைப்பு மொழியியல் செழித்திருந்த துறை அது. மேற்கோள் அட்டவணையை உருவாக்கியவராகவே கார்ஃபீல்டு பின்னர்ப் புகழ்பெற்றமையால், அவரது இம்முதற்பணி மொழியியலாரிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

பெயரை உருபன்களாகப் பகுத்து, ஒவ்வோர் உருபனுக்கும் உரிய அணு எண்ணிக்கையைக் கூட்டி, வாய்பாட்டைப் பெறுவது அவர் முறையின் அடிப்படை. இங்கே எழும் சிக்கல்கள் மொழியியலார்க்கு நன்கு பழகியவை. கார்பன் தொடரில் ஒன்று முதல் நான்கு வரை குறிக்கும் பகுதிகள் மெத், ஈத், புரோப், பியூட் என்பன. எண்ணிக்கையைக் குறிக்கும் முன்னொட்டுகளோ மோனோ, டை, ட்ரை, டெட்ரா என வேறானவை. ஐந்து முதல் இவ்வேறுபாடு மறைகிறது. பென்டேன் என்பதில் 'பென்ட்' ஐந்து கார்பன்களைக் குறிக்கும் பகுதி. பென்டாகுளோரோ என்பதில் 'பென்டா' ஐந்து முறை என்னும் பொருள்தரும் முன்னொட்டு. ஆங்கில எழுத்தில் பென்டேனின் முதல் ஐந்து எழுத்துகளும் பின்னைய முன்னொட்டின் ஐந்து எழுத்துகளும் ஒன்றே. இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகப் படிக்கும் எந்திரம் வருவதை நோக்காமல் முடிவெடுத்தால் பிழைபடும். வருமொழி நோக்கியே நிலைமொழியைப் பிரிக்க வேண்டும் என்பது தமிழ்ச் சொற்பிரிப்பு நிரல்களை எழுதுவோரும் நாள்தோறும் காணும் உண்மை.

1965-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபைகன்பாம், லெடர்பெர்க், ஜெராசி முதலியோர் தொடங்கிய டென்ட்ரல் திட்டமும் இவ்வழியினதே. நிறை நிரலிலிருந்து மூலக்கூற்றின் அமைப்பை ஊகித்துணர்வது அதன் குறிக்கோள். அதற்குத் தேர்ந்த மொழி ஃபார்ட்ரான் அன்று. குறியீடுகளையும் பட்டியல்களையும் கையாளும் லிசுப். எழுத வேண்டியது மூலக்கூறு என்றானபோது மொழியே மாறியது என்பது நோக்கத்தக்கது. எனினும் இவ்விரு முயற்சிகளும் ஆய்வகத்தைச் சார்ந்தவையாகவே நின்றன. இளநிலை மாணவரின் பாடநூலில் நேர்கோட்டுப் பொருத்தமே முதலிடம் பெற்றிருந்தது.

5. ஆக்குநரும் பயனரும்

1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வேதியியல் நிரல் பரிமாற்ற நிலையம் தோன்றியது. ஓரிடத்தில் எழுதிய நிரல் பிறர்க்கும் பயன்படும்படி அட்டைகளாகவும் நாடாக்களாகவும் அனுப்பப்பட்டது. ஜான் போப்பிலின் குழு உருவாக்கிய காசியன் 70 என்னும் நிரலும் இந்நிலையத்தின் வாயிலாகப் பரவியது. கணிப்பு முறைகளை வளர்த்தமைக்காக 1998-இல் அவர் வால்டர் கோனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வளர்ச்சியால் நிரல் எழுதத் தெரியாத வேதியியலாரும் கணிப்பு வேதியியலில் ஈடுபட முடிந்தது. அறிவியலுக்கு இது பெரும்பேறு. கற்பித்தலுக்கோ இது ஒரு வினாவை எழுப்பியது. ஆயத்த நிரல்கள் கிடைக்கும்போது மாணவர் நிரல் எழுதக் கற்பது எதற்கு? அகராதியும் ஆயத்த மொழிபெயர்ப்பும் கிடைக்கும்போது மொழியைக் கற்பது எதற்கு என்னும் வினாவோடு இது ஒப்பிடத்தக்கது. விடையும் ஒன்றே. மூலத்தைப் படிக்கத் தெரியாதவர் மொழிபெயர்ப்பின் பிழையைக் காண இயலாது. பி.எச். மதிப்பு 6.9 என எந்திரம் சொன்னால், நிரலைப் படிக்கத் தெரிந்தவர் அதனை மறுப்பார். தெரியாதவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

6. வரிவடிவம் பெற்ற மூலக்கூறு

மூலக்கூற்றை ஒரே வரியில் எழுதும் முயற்சி கணிப்பொறிக் கல்விக்கு முற்பட்டது. வில்லியம் விசுவெசர் 1949-இல் முன்வைத்த வரிக்குறியீடு பெரிய எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டு அமைந்தது. அதில் எத்தனாலை எழுத இரண்டே குறிகள் போதும். ஆனால் அம்முறையை நீண்ட பயிற்சி இன்றிப் படிக்கவோ எழுதவோ இயலாது. அது வல்லுநரின் மொழியாக இருந்தது, மாணவரின் மொழியாகவில்லை.

1988-இல் டேவிட் வைனிங்கர் வெளியிட்ட ஸ்மைல்ஸ் என்னும் முறை இந்நிலையை மாற்றியது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் அதனை வேதியியல் மொழி எனக் குறித்தார். அதன் இலக்கணம் சிறியது. ஹைட்ரஜன் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை; எஞ்சிய அணுக்கள் பிணைந்துள்ள வரிசையில் எழுதப்படும். எத்தனால் 'சிசிஓ' என மூன்றெழுத்தாகும். கிளைகள் அடைப்புக்குறிக்குள் வரும். சமக்குறி இங்கே இரட்டைப் பிணைப்பு என்னும் தன் பழைய வேதியியற் பொருளையே பெறுகிறது. வளையத்தை எழுத, அதனை ஓரிடத்தில் வெட்டி நேராக்கி, வெட்டுண்ட இரு முனைகளிலும் ஒரே இலக்கத்தை இட வேண்டும். பென்சீனுக்குச் சிறிய வடிவ 'சி' ஆறு முறை எழுதப்படும். முதல் எழுத்தை அடுத்தும் இறுதி எழுத்தை அடுத்தும் 1 நிற்கும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர் இவ்வமைப்பை எளிதில் இனங்காண்பர். செய்யுளின் இறுதிச்சொல் முதற்சொல்லோடு சென்று பொருள் முடிவதை நன்னூல் விற்பூட்டு என்னும் பொருள்கோளாகக் கூறும். வில்லின் இரு முனைகளையும் நாண் பூட்டுவது போன்றது அது. வளையத்தின் இரு முனைகளைப் பூட்டும் இலக்கத்தின் பணியும் அதுவே. அடைப்புக்குறிக்குள் அமையும் கிளை, தொடரின் இடையே பிறிதொன்று வந்து நிற்கும் இடைப்பிறவரலை ஒத்தது. வரியில் அமையும் எழுத்துகளுக்கும் அவற்றின் உண்மை உறவுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் விதிகள் என்னும் வகையில் இரண்டும் ஒருதன்மையன.

ஒரே மூலக்கூற்றைப் பல வரிகளாக எழுத இயலும் என்பது மற்றொரு கூறு. எத்தனாலை ஆக்சிஜன் முனையிலிருந்து தொடங்கி 'ஓசிசி' எனவும் எழுதலாம். இவை ஒருபொருட் பன்மொழி. இரண்டு வரிகள் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என அறிய நியம வடிவம் ஒன்று தேவை. வேதியியற் சுருக்கத் தொகுப்பகத்தில் ஹாரி மார்கன் 1965-இல் வகுத்த நெறிமுறை அணுக்களுக்கு ஒரு சீரான வரிசை எண் தந்தது. பன்னாட்டு ஒன்றியத்தின் அடையாளக் குறியீடு 2005-இல் வெளிவந்தது.

இவ்வெழுத்துமுறையோடு பைத்தான் மொழி இணைந்தபோதுதான் வகுப்பறை உண்மையில் மாறத் தொடங்கியது. 1991-இல் வெளிவந்த பைத்தானில் எழுத்துச் சரம் முதல்தர வகை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறானவை. ஆர்.டி.கிட் என்னும் வேதியியல் நிரல் தொகுதி 2006-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. வரியாக எழுதிய மூலக்கூற்றை நிரலுக்குள் இட்டால் மூலக்கூறு நிறை, வளைய எண்ணிக்கை, வினைசெயல் தொகுதிகள் ஆகியவற்றை மாணவர் கேட்டறியலாம். தரம்பார்த்தல் வளைகோடும் மூலக்கூறும் ஒரே நிரலில் இடம்பெறலாம். ஃபார்ட்ரான் வகுப்பில் புறத்தே நின்ற பாதி இவ்வாறு உள்ளே வந்தது.

7. இந்தியச் சூழலும் தமிழ்க் கலைச்சொல்லும்

7.1 பாடத்திட்டம்

இந்தியாவில் நிரலாக்கக் கல்வியின் தொடக்கம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1963-இல் அங்கே நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1620 கணிப்பொறியைக் கொண்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த அறிவியலார்க்கும் பொறியாளர்க்கும் ஃபார்ட்ரான் குறும்பயிற்சிகள் நடத்தப்பட்டன. அங்குப் பணியாற்றிய இராஜாராமன் எழுதிய பாடநூல்கள் பல தலைமுறை மாணவர்க்கு நிரலாக்கத்தை அறிமுகம் செய்தன. வேதியியலார்க்கென்றே கே. வி. இராமன் எழுதிய 'வேதியியலில் கணிப்பொறிகள்' 1993-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் பார்வை நூலாக இடம்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2001-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் முதுநிலை வேதியியலில் நிரலாக்கத்தைச் சேர்த்து, வான்டர் வால்சு சமன்பாடு, தரம்பார்த்தல், வினைவேகம், கதிரியக்கச் சிதைவு முதலியவற்றுக்குச் சிறு நிரல்கள் எழுதப் பரிந்துரைத்தது. இப்பட்டியல் 1960களின் பட்டியலோடு பெரிதும் ஒத்திருப்பது கவனத்திற்குரியது. மொழி மாறிய பின்னும் பழைய மொழி வகுத்த எல்லை பாடத்தில் நீடித்தது.

7.2 தமிழில் எழும் சிக்கல்கள்

தமிழில் வேதியியல் எழுதும் மரபு பழமையானது. மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய 'கெமிஸ்தம்' 1875-இல் வெளிவந்தது. இராஜாஜி முன்னின்று 1916-இல் சேலத்தில் தொடங்கிய சங்கம் அறிவியற் கலைச்சொற்களுக்கென்றே இயங்கியது. அவரே 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிப்பது பின்னர் வந்தது. 2019 முதல் தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழ்வழியிலும் கற்பிக்கிறது. ஆயின் இவ்விரு துறைகளின் கலைச்சொற்கள் தனித்தனியே ஆக்கப்பட்டவை. இரண்டும் ஒரே வகுப்பில் சந்திக்கும்போது என்ன நிகழும் என்பது ஆராயத்தக்கது.

முதலாவதாக, ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் பிரித்துக் காட்டும் இடங்கள் உள்ளன. வேதியியலில் அமிலத்துக்கு எதிரானது காரம். எண்முறைக்கும் மடக்கைக்கும் அடிப்படையானது அடிமானம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரு சொல்லே. தனிமம், பட்டியலின் உறுப்பு ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். வினைசெயல் தொகுதி, கணிதச் சார்பு, நிரலின் செயற்கூறு ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே வேரின. இவ்விடங்களில் தமிழ் மாணவர்க்குக் குழப்பம் குறைவு. இது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் பயனாகும்.

இரண்டாவதாக, ஆங்கிலம் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் ஒன்றாக்கும் இடங்களும் உள்ளன. கணிதப் பாடநூலில் அணி என்பது எண்களின் நிரை நிரல் அமைப்பு. கணினிப் பாடநூலில் அணி என்பது ஒரே வகைத் தரவுகளின் தொகுதி. ஹூக்கல் முறைக்கு நிரல் எழுதும் மாணவர் முதல் வகை அணியை இரண்டாம் வகை அணியில் சேமிக்க வேண்டும். கட்டளைகளைத் திரும்பச் செய்வது மடக்கு; பி.எச். கணக்கில் வருவது மடக்கை. ஒரே வரியில் இரண்டும் வரும்போது ஓர் உயிரொலி வேறுபாடே காவல். பட்டியலில் உள்ளது உறுப்பு. இணையில்லா எலக்ட்ரானை உடையது தனி உறுப்பு. பட்டியலில் தனி உறுப்புகளை வரிசைப்படுத்துக என்னும் பயிற்சி வினா இருபொருள்படும்.

மூன்றாவது சிக்கல் எழுத்து பற்றியது. தமிழ் நெடுங்கணக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. கோபால்டையும் கார்பன் மோனாக்சைடையும், பென்சீன் வளையத்துக் கார்பனையும் பிற கார்பனையும் அவ்வேறுபாடே பிரித்துக் காட்டுகிறது. ஆகவே குறியீடுகளை உரோமன் எழுத்திலேயே வைத்து விளக்கத்தைத் தமிழில் தருவது பாடநூல்களில் நிலைத்துவிட்ட வழக்கம். இதனைத் தமிழின் குறையாகக் கருத வேண்டியதில்லை. அக்குறியீட்டு முறை எம்மொழிக்கும் உரியதன்று. சீன மாணவரும் உருசிய மாணவரும் அதனையே எழுதுகின்றனர். தமிழில் ஆக வேண்டியது குறியீடு அன்று. குறியீட்டைப் பற்றிய பேச்சு.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வேதியியல் மாணவருக்குக் கற்பிக்கப்பட்ட நிரலாக்கத்தின் பரப்பை நிரல்மொழியின் எழுத்துவளமே பெரிதும் வரையறுத்தது. இரண்டு, அவ்வரையறையைக் கடக்கும் வழியை 1961-லேயே காட்டியது மொழியியல் ஆய்வு. மூன்று, கருவிகள் மாறிய வேகத்தில் பாடத்திட்டம் மாறவில்லை.

2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேதிவினையின் விளைபொருளை முன்னுரைப்பதையே எந்திர மொழிபெயர்ப்பாகக் கொண்டது. வினைபடு பொருள்களின் வரிவடிவம் அங்கே மூலமொழி. விளைபொருளின் வரிவடிவம் இலக்குமொழி. கார்ஃபீல்டு தொடங்கிவைத்த சிந்தனை வேறு வடிவில் மீண்டு வந்துள்ளது. இத்தகைய கருவிகள் பெருகப் பெருக, விடையைப் பெறுவது எளிதாகும். விடையை ஐயுறுவதற்கே கல்வி தேவைப்படும்.

இதன்பொருட்டுத் தமிழில் உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வேதியியல், கணிதம், கணினியியல் ஆகிய முத்துறைக் கலைச்சொற்களையும் ஒருங்கே வைத்து நோக்கி, ஒன்றோடொன்று மோதும் சொற்களை இனங்கண்டு வேறுபடுத்தும் ஒரு சிறு தொகுப்பு அது. துறைவாரியான சொற்பட்டியல்கள் பல உள்ளன. துறைகள் சந்திக்கும் எல்லைகளுக்கான பட்டியல்களே தேவை. பெயர், வாய்பாடு, வரிவடிவம், நிரல் என ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் பயிற்சிகளை மாணவர்க்குத் தரும் பாடநூலை அத்தொகுப்பின் துணையுடன் எழுத இயலும். அப்பாடநூலை வேதியியலார் தனித்து எழுதிவிட முடியாது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அவரோடு அமர வேண்டும்.